குறைவுக்குக் காரணம்

வலயக் கல்விப் பணிமனையிலிருந்து
பொருட்கணக்கெடுக்கப் போனவன் நான்.
வாழ்நாளில் ஓடியது
பஸ்சுக்குப் பின்னால் மட்டும்.

ஒட்டுசுட்டானில் இறங்கி உள்ளே நாலு கட்டை,
குளக்கட்டை ஒட்டிய கல்லூரி.
இடம் போதாது, ஓடுபாதை முந்நூறு மீற்றர்தான்.
மூன்றாம் வளைவில் ஒரு பாலைமரம்.
வெளிச்சுற்றில் வருகிறவர்கள்
அதற்குத் தலை குனிந்து போகவேண்டும்.
வெட்டச் சொல்லி ஐந்து அதிபர்கள் கடிதம் எழுதினார்களாம்.
ஐந்தும் கோவையில் இருக்கின்றன.
மரமும் இருக்கிறது.

தில்லையம்பலம் மாஸ்டருக்கு அன்று கடைசி நாள்.
விளையாட்டுத்துறைப் பொறுப்பு, முப்பத்தாறு வருடம்.
மாகாண மட்டத்தில் ஒரு மூன்றாம் இடம்,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
அதையும் அவரேதான் சொன்னார்,
தராசுக்காரன் எடை சொல்வதுபோல.

பதிவேட்டில் நாலு நிரல்:
இருக்க வேண்டியது, இருப்பது, குறைவு, காரணம்.
மற்றப் பள்ளிக்கூடங்களில் கடைசி நிரலில்
'இடப்பெயர்வு' என்று ஒரு சொல் போட்டு
கீழ்வரை கோடு இழுத்து விடுவார்கள்.
இவர் ஒவ்வொன்றுக்கும் எழுதியிருந்தார்.

நிறுத்தற்கடிகாரம் ஒன்று. குறைவு ஒன்று.
காரணம்: பற்றரி தடை.
அந்த ஐந்து வருட நேரங்களும்
தன் மணிக்கட்டு நாடியில் எண்ணியவை.
"இது செல்லாதே, சேர்."
"எனக்குக் காய்ச்சல் வந்த வருசம்
எல்லாப் பிள்ளையளும் கொஞ்சம் பிந்தித்தான் வந்தவை.
அதையும் குறிச்சிருக்கிறன், பாருங்கோ."

கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. உமிச்சாம்பல்.
மழை வந்தால் எட்டுப் பாதையும் ஒரே பாதை.

குண்டு, மூன்று.
இந்த ஒரு வரிக்காக ஓமந்தையில்
நாலு மணித்தியாலம் மறித்து வைத்தார்களாம்.
பதிவேட்டைப் பிரித்தவனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்,
அந்தக் கொஞ்சத்துக்குள் அந்தச் சொல் இருந்தது.
அடுத்த வரியில் ஈட்டி நாலு என்றிருந்ததும் உதவவில்லை.
மாஸ்டர் நிலத்தில் கிடந்த கல்லொன்றைத் தூக்கி
கழுத்தோடு பொருத்தி, முழங்கால் மடக்கி,
அரைச்சுற்றுச் சுற்றி,
எறியாமல் நின்றார்.
எறிந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

தொடக்கப் பலகை, முதிரை, ஒரு சோடி.
இருக்கிறது. பாவிப்பதில்லை.
மீளக் குடியேறிய பிறகு முதல் மெய்வல்லுநர் போட்டி,
நூறு மீற்றர், பதின்மூன்று வயதின் கீழ்.
பலகை அடிபட்டதும்
எட்டுப் பேரில் ஒருவரும் ஓடவில்லை.
குப்புறப் படுத்தார்கள்,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து,
பழகிய முறை பிசகாமல்.
மாஸ்டரும்.
அன்றிலிருந்து ஒரு சிவப்புத் துவாய்.

அஞ்சற்கோல் நாலு. இருப்பது மூன்று.
காரணம்: நாலாவது ஓட்டக்காரியிடம்.

பெயர் கேட்க வாயெடுத்தேன்.
படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
"அப்ப அறவிட வேண்டி வரும், சேர். முந்நூற்றைம்பது."
சட்டைப்பையிலிருந்து எடுத்தார்,
ஏற்கெனவே எண்ணி மடித்திருந்த காசு.
"பற்றுச்சீட்டு தாங்கோ."
எழுதினேன்: அஞ்சற்கோல் ஒன்று, தொலைந்தது.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார்.
திருப்பித் தந்தார்.
"தொலைஞ்சதெண்டு நான் எழுதேல்லையே, தம்பி."

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ
பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் கணக்கில் ஒரு சொல் உண்டு.
வெட்டி, ஒப்பமிட்டு, மேலே எழுதினேன்:
வரவேண்டியது.

வரவேண்டியதற்குக் காசு அறவிட ஏலாது.
முந்நூற்றைம்பதையும் திருப்பிக் கொடுத்தேன்.
அடுத்த கணக்காய்வில் என்னைத்தான் கேட்பார்கள்,
எப்போது வரும் என்று.

களஞ்சியச் சாவி என் கையில் இருந்தது.
அவர் போகும்போது
பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.